பஸ்ஸுக்கு ஒரு ராஜா, ரயிலுக்கு ஒரு ராஜா!

குன்றத்தூரில் குடியிருக்கும் ஒரு பெண்மணி, ஷெனாய் நகரில் இருக்கும் தன் தாயாரைப் பார்க்கக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் குழந்தை. தோளில் பை. பைக்குள் குழந்தைக்கு மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று எடுத்து வைத்த சுண்டைக்காய் வற்றல்.

முதலில் பஸ்ஸில் பல்லாவரம் வரவேண்டும். இறங்கி, நெரிசலான சாலையைத் தாண்டி, ஸ்டேஷனுக்குள் நுழைந்து, மின்சார ரயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். பரங்கிமலையில் இறங்கி, படியேறி, மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதனைக்குக் கொடுத்து, அங்கே மறுபடியும் ஒரு டிக்கெட். அதன் பிறகுதான் ஷெனாய் நகர். அங்கிருந்து தாயார் வீட்டு வாசல் வரை நடையோ, ஆட்டோவோ, அவரவர் பர்ஸின் கனத்தைப் பொறுத்தது.

2025 செப்டம்பர் வரையில் இந்த ஒரு பிரயாணத்துக்கு மூன்று டிக்கெட், மூன்று வரிசை. ஒரு வண்டி வந்து சேரும் நேரத்துக்கும் மற்றொன்று புறப்படும் நேரத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்க ஏறி வரும்போது ரயில் நகர்ந்துவிட்டால், "அடுத்ததில் போகலாம்" என்று குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்மணியைப் பொறுத்தவரையில் பிரயாணம் ஒன்றுதான். அதை மூன்று துண்டாக வெட்டியது யார்? ஒட்டவைக்க ஒரு சட்டம் வந்ததே, அது என்ன ஆயிற்று? "சட்டம், மசோதா எல்லாம் நமக்கெதற்கு? அது வக்கீல்கள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நீங்கள் பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்கும் நேரத்தைப் பற்றிய கதை இது.

எத்தனை ராஜாக்கள்?

சென்னையில் பஸ்களை ஓட்டுவது மாநகர்ப் போக்குவரத்துக் கழகம். அது மாநில சர்க்காரின் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தது. மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் வளர்ந்தது தெற்கு ரயில்வேயில். அதாவது டில்லி சர்க்காரிடம். மெட்ரோ ரயில், மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பாதிக்குப் பாதி பங்கு போட்டு நடத்தும் தனிக் கம்பெனி.

ராஜாக்கள் இந்த மூவரோடு முடிந்துவிட்டார்களா என்றால், இல்லை. நீங்கள் நடக்கும் நடைபாதை மாநகராட்சியுடையது. சாலையில் சில மாநகராட்சிக்கு, சில மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, சில தேசிய நெடுஞ்சாலைக்கு. சிக்னல் விளக்கைக் கவனிப்பது போக்குவரத்துப் போலீஸ். ஆட்டோவுக்கு பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

ஆக, ஒரு ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்க வசதி வேண்டுமென்றால், இத்தனை பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து "சரி" என்று தலையாட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து மாமியார்கள் இருந்தால் அடுப்பில் உலை ஏறுமா? அந்தக் கதைதான்!

இது இன்று நேற்று வந்ததல்ல. சென்னையில் டிராம் வண்டி 1895-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது, அது ரயில்வே. 1947-ல் நகரப் பஸ்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, 30 பஸ்களுடன் ஒரு தனி இலாகாவை ஆரம்பித்தது. 1953-ல் டிராம் நின்றுபோயிற்று. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. 2007-ல் அது வேளச்சேரியை எட்டியது. 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய வண்டியைக் கொண்டு வந்தது. வண்டியோடு கூடவே ஒரு புதிய ராஜாவையும் கொண்டு வந்தது.

ஒரே வருஷத்தில் நடந்த காரியம்

சட்டத்தால் பஸ்ஸை மாற்ற முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மதுரைப் பக்கத்துக்காரர்கள் என்றால் டி.வி.எஸ். பஸ்ஸைப் பற்றிக் கட்டாயம் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளலாம் என்று அந்த நாளில் ஒரு பேச்சு உண்டு.

1971-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஏராளமான பஸ்கள் வைத்திருந்த பெரிய முதலாளிகளின் வண்டிகளை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்த சட்டம் அது. 1972-லேயே மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அதே 1972-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, சென்னையில் சர்க்கார் இலாகாவாக இருந்த பஸ் சர்வீஸும் 'பல்லவன்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. வழக்குகள், வாதங்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் பஸ்ஸின் நெற்றியில் பெயர் மாறிவிட்டது; கண்டக்டரின் முதலாளி மாறிவிட்டார். அதன் பலனும் பாதகமும் வேறு விஷயம். சட்டம் காகிதத்திலிருந்து சாலைக்கு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது சட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

எட்டு வருஷம் தூங்கிய சட்டம்

2006-ல் மத்திய சர்க்கார் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில் பஸ், ரயில், சாலை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்க ஒரே அமைப்பு வேண்டும் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. நல்ல யோசனை. யார் மறுப்பார்கள்?

2010-ல் நம் சட்டசபையில் அதற்கான மசோதா நிறைவேறியது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்ற அமைப்பை உண்டாக்கும் சட்டம். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து 'கும்டா' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அமைச்சர் அதைச் சபையில் அறிமுகம் செய்கிறார். விவாதம் நடக்கிறது. பிரிவு பிரிவாக ஓட்டுக்கு விடுகிறார்கள். தமிழ்நாட்டில் மேலவை 1986-ல் ஒழிந்துவிட்டதால் ஒரே சபையோடு வேலை முடிந்துவிடுகிறது. பிறகு கவர்னரின் சம்மதம். பிறகு அரசிதழில் பிரசுரம். "சுபம்" என்று போட்டுவிடலாமா?

அதுதான் இல்லை! அநேகச் சட்டங்களின் முதல் பிரிவிலேயே ஒரு சிறிய வாசகம் ஒளிந்துகொண்டிருக்கும். அரசு எந்தத் தேதியை அறிவிக்கிறதோ அந்தத் தேதியிலிருந்துதான் சட்டம் அமலுக்கு வரும் என்பது அதன் சாரம். நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது, முகூர்த்தத் தேதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போல! பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள், அந்த "பிறகு" எவ்வளவு பொல்லாதது என்று சொல்வார்கள்.

கும்டா சட்டத்துக்கு முகூர்த்தத் தேதி குறிக்கப்பட்டது 2019 ஜனவரியில். அதற்குள் எட்டு வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 2010-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பிடித்துவிட்டது. சரி, அமலுக்கு வந்தாயிற்றே என்றால், முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.

இந்தச் சட்டத்தின் பலன் சாதாரணப் பிரயாணியின் கைக்கு எட்டியது எப்போது? 2023 ஏப்ரலில் 'சிங்காரச் சென்னை' அட்டை மெட்ரோவில் வந்தது. 2025 ஜனவரியில் அதே அட்டை மாநகரப் பஸ்ஸுக்கும் வந்தது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி 'சென்னை ஒன்' என்ற கைப்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட்டை அதில் எடுக்கலாம். ஆட்டோவும் டாக்ஸியும் கூட அதிலேயே கூப்பிடலாம் என்று ஏற்பாடு.

மசோதா நிறைவேறியதிலிருந்து ஒரே டிக்கெட் வரும் வரை பதினைந்து வருஷங்கள்!

ஏன் இத்தனை தாமதம்?

1971 சட்டம் ஒரே வருஷத்தில் பலித்தது. 2010 சட்டம் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டது. அன்று இருந்தவர்கள் சுறுசுறுப்பு, இன்று இருப்பவர்கள் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் காரியம் சுலபம். ஆனால் அது உண்மையல்ல. இடையில் 2011-லும் 2021-லும் ஆட்சிகள் மாறின. எந்த ஒரு கட்சியின் தலையிலும் இதை முழுக்கக் கட்டிவிடவும் முடியாது.

விஷயம் இதுதான். 1971 சட்டம், வெளியாரிடமிருந்து எடுத்து அரசின் கையில் கொடுத்தது. கொடுக்க வேண்டியவர்கள் முதலாளிகள். வாங்கிக்கொள்கிறவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். வாங்கிக்கொள்வதற்கு யாருக்குத்தான் கை நீளாது? 2010 சட்டமோ, சர்க்கார் இலாகாக்களையே பார்த்து, "உங்கள் அதிகாரத்தில் ஒரு பிடி எடுத்துப் பொதுப் பானையில் போடுங்கள்" என்றது. பஸ் போகும் பாதையைப் பஸ்காரர்கள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. சாலை போடுகிறவர்கள் சாலையை மட்டும் பார்க்கக் கூடாது. இதற்கு யார் முந்திக்கொண்டு கை தூக்குவார்கள்?

இன்னொரு முடிச்சும் உண்டு. நம் அரசியல் சட்டத்தில் ரயில்வே மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கிறது. சாலைகள் மாநிலப் பட்டியலில். மோட்டார் வாகனங்கள் இருவருக்கும் பொதுவான பட்டியலில். மாநிலச் சட்டசபை எத்தனை சட்டம் போட்டாலும் ரயிலைப் பார்த்து "இந்த நேரத்துக்கு வா" என்று உத்தரவு போட முடியாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கலாம், அவ்வளவுதான். ரயில்வேயும் மெட்ரோவும் பஸ் கழகமும் ஒரே டிக்கெட்டுக்குள் வந்தது கட்டளையால் அல்ல, பேச்சுவார்த்தையால்.

ராஜாக்கள் பலர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பறக்கும் ரயிலே சாட்சி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் இருந்த தூரம் ஐந்து கிலோ மீட்டர். 2008-ல் வேலை ஆரம்பமாயிற்று. அதில் ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் அரைக் கிலோ மீட்டருக்கு நிலம் எடுப்பதில் தகராறு. வழக்கு மேல் வழக்கு. வானத்தில் தூண்கள் நின்றன, மேலே தண்டவாளம் இல்லை. பதினைந்து வருஷங்களுக்கும் மேலாக அந்த வட்டாரத்துப் பெண்கள் அந்தத் தூண்களின் நிழலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

கும்டா சட்டத்திலும் இந்தப் பாடத்தைப் பிறகு கற்றுக்கொண்டார்கள். முதலில் போக்குவரத்து அமைச்சர்தான் தலைவர் என்று இருந்தது. ஒரு துறையின் அமைச்சர் கூப்பிட்டால் மற்றத் துறைகள் ஓடி வருமா? பின்னால் திருத்தம் கொண்டு வந்து, முதலமைச்சரே தலைவர் என்று மாற்றினார்கள். குடும்பத் தகராறைத் தீர்க்கப் பெரியவர் ஒருவர் நடுவே உட்கார வேண்டும் அல்லவா?

ஒரே கையெழுத்தில் வந்த மாறுதல்

சட்டத்துக்குக் காத்திராமல் வந்த மாறுதலும் உண்டு. அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 2021 மே 7-ம் தேதி, பதவியேற்ற அன்றே முதலமைச்சர் ஸ்டாலின் போட்ட கையெழுத்துக்களில் ஒன்று, சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பிரயாணம். மறுநாளே அமலுக்கு வந்துவிட்டது. அரசாணை போதும், சட்டசபை கூட வேண்டிய அவசியம் இல்லை.

இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லிற்று. 888 ரூபாய் என்பது சிலருக்கு ஒரு சினிமா, ஒரு ஹோட்டல் சாப்பாடு. பூ விற்கிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் அது ஒரு மாதத்துக் காஸ் சிலிண்டர். அல்லது பிள்ளையின் டியூஷன் சம்பளம். பத்து ரூபாய்க்காக இரண்டு ஸ்டாப் நடந்தவர்கள் நடக்காமல் போனார்கள். "பஸ் செலவு கட்டுப்படியாகாது" என்று தூரத்து வேலையை வேண்டாமென்று சொன்னவர்கள், அந்த வேலைக்குப் போகலாமா என்று யோசித்தார்கள்.

ஆனால் ஒன்று. அரசாணை ஒரு ராஜாவின் எல்லைக்குள்தான் செல்லும். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலில் ஏறினால் அந்தச் சலுகை வாசற்படியோடு நின்றுவிட்டது; ஏனென்றால் ரயில் வேறு ராஜ்யம். பஸ் பெண்ணின் பர்ஸைப் பற்றிக் கவலைப்பட்டது. ரயிலும் மெட்ரோவும் தத்தம் கணக்கைப் பார்த்தன. எல்லையைத் தாண்டி உதவி செய்ய வேண்டுமென்றால், எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் தேவைப்படுகிறது. அதனால்தான் கும்டா மாதிரி சட்டம் நமக்கு முக்கியமாகிறது.

ஐந்து நிமிஷத்தில் முடித்தவர்களும், முடிக்க முடியாதவர்களும்

சட்டம் வந்து குழுமம் கூடினால் மட்டும் போதுமா? மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள் யாருடைய பிரயாணத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் 1999-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஊர் மக்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, எதற்காக, எப்படிப் போய்வருகிறீர்கள் என்று நகர நிர்வாகம் கேட்டது. ஆண்களில் பெரும்பாலோர் ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறேன், மாலையில் திரும்புகிறேன், தீர்ந்தது! பெண்கள் எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மருந்து வாங்குவது, வயதானவர்களைப் பார்த்துவருவது, கறிகாய், அதன் நடுவே வேலை. அதைப் பார்த்துத்தான் அந்த நகரத்தில் நடைபாதைகளை அகலப்படுத்தினார்கள், விளக்குகள் போட்டார்கள், படிக்கட்டுள்ள இடத்தில் குழந்தை வண்டி ஏறச் சரிவுப் பாதை அமைத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் அதே சோதனையைச் செய்து பாருங்களேன். உங்கள் கணவரின் ஒரு நாளையப் பிரயாணத்தை ஒரு காகிதத்தில் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு நேர்க்கோடு; அதே கோட்டில் திரும்பி வருவார். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பாங்கி, ஆபீஸ், மாமியாருக்கு மருந்து, மறுபடி பள்ளிக்கூடம். வாசலில் போடும் சிக்குக்கோலம் மாதிரி இருக்கும்!

நேர்க்கோட்டில் போகிறவருக்கு ஒரு டிக்கெட்டோடு கவலை விட்டது. கோலம் போடுகிறவளுக்குத்தான் புள்ளிக்குப் புள்ளி டிக்கெட். துண்டு துண்டான போக்குவரத்தின் பாரம் யார் தலையில் அதிகமாக விழுகிறது என்று இப்போது புரிகிறதா?

ஒரே டிக்கெட் வேறு, ஒரே கட்டணம் வேறு

"அதுதான் 2025-ல் ஒரே டிக்கெட் வந்துவிட்டதே!" என்று கேட்பீர்கள். வந்தது, சந்தோஷம்தான். வரிசையில் நிற்கும் கஷ்டத்துக்கு அது மருந்து. ஆனால் பர்ஸின் கஷ்டத்துக்கு?

மூன்று கடையில் தனித்தனியே வாங்கிய சாமான்களை ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் தூக்குவது சுலபம். ஆனால் விலை குறைந்துவிடுமா? ஒவ்வொரு வண்டியிலும் ஏறும்போது முதல் ஸ்டாப்புக்கான குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகக் கொடுக்கிறோம். வண்டி மாறுகிறவருக்கு இது ஒரு மறைமுகமான அபராதம். மாறாமல் நேரே போகிறவருக்கு அந்த அபராதம் இல்லை.

இதைச் சரிசெய்த ஊர்கள் உண்டு. லண்டனில் பஸ்களும் டிராம்களும் பூமிக்கடியில் ஓடும் ரயில்களும் தனித்தனிக் கம்பெனிகளிடமும் நகராட்சிகளிடமும் இருந்தன. 1933-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு அவற்றை ஒரே வாரியத்தின் கீழ் கொண்டு வந்தது. 2016-ல் அங்கே இன்னொரு வசதி செய்தார்கள். ஒரு பஸ்ஸில் பணம் கொடுத்து ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறும் பஸ்ஸுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. வழியில் இறங்கி மருந்து வாங்கிக்கொண்டு மறு பஸ்ஸில் ஏறலாம்! சிங்கப்பூரில் 1995-ல் நான்கு அமைப்புகளை ஒன்று சேர்த்துத் தரைப் போக்குவரத்து ஆணையத்தை உண்டாக்கினார்கள். 2010-லிருந்து அங்கே பஸ்ஸோ ரயிலோ, ஒரே பிரயாணத்தில் மாறி ஏறினாலும், மொத்தம் போன தூரத்துக்குத்தான் கட்டணம்.

அந்த ஊர்கள் பணக்கார ஊர்கள் என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களும் நம்மைப் போலவே முயன்றுகொண்டிருக்கிறார்கள். கேரளம் 2019-ல் இம்மாதிரிச் சட்டம் கொண்டு வந்து கொச்சியில் ஆரம்பித்தது. பெங்களூருக்காகக் கர்நாடகச் சட்டசபை 2022 டிசம்பரில் இதே போன்ற மசோதாவை நிறைவேற்றியது. 2017-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட மெட்ரோ ரயில் கொள்கையும், உதவிப் பணம் வேண்டுமானால் இப்படி ஓர் அமைப்பு கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பணம் என்று சொன்ன பிறகு பல ராஜாக்களுக்குக் காது நன்றாகக் கேட்க ஆரம்பித்தது!

கைப்பேசிச் செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி மாணவிக்கு அது விரல் நுனி வேலை. ஆனால் கண் மங்கிய பாட்டிக்கும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அதைக் கணவர் எடுத்துப் போய்விடுகிற பெண்ணுக்கும் அட்டைதான் உபயோகம். இல்லாவிட்டால் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் சீட்டு. புதிய கதவைத் திறக்கும்போது பழைய கதவைச் சாத்திவிடக் கூடாது.

அடுத்த மசோதா வரும்போது

போக்குவரத்துச் சட்டங்கள் இத்துடன் முடிந்துவிடப் போவதில்லை. பெருநகரத் திட்டமிடலின் எல்லை 1,189 சதுர கிலோ மீட்டராக இருந்தது, 2022-ல் 5,904 ஆக விரிந்திருக்கிறது. ஊர் பெருகப் பெருகப் புதிய மசோதாக்களும் திருத்தங்களும் வந்துகொண்டேதான் இருக்கும். பத்திரிகையில் ஒரு மூலையில் "மசோதா நிறைவேறியது" என்று நாலு வரிச் செய்தி வரும். அன்றைக்குச் சமையலறையில் வேலை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: இந்தச் சட்டம் அமலுக்கு வரும் தேதி எழுதியிருக்கிறதா, அல்லது "பிறகு அறிவிக்கப்படும்" என்று விட்டிருக்கிறதா? தேதி இல்லாத சட்டம், முகூர்த்தம் குறிக்காத கல்யாணம்.

இரண்டாவது: தலைவர் யார்? அவர் சொன்னால் மற்றத் துறைகள் கேட்டாக வேண்டுமா, அல்லது யோசனை சொல்லிவிட்டு எழுந்து போகவேண்டியதுதானா? பணம் ஒதுக்கும் அதிகாரம் உண்டா? கையில் காசில்லாத மூத்தவர் சொல்லை எந்த வீட்டில் கேட்கிறார்கள்?

மூன்றாவது: வண்டி மாறுகிறவருக்குக் கட்டணம் குறையுமா? ஒரே டிக்கெட் என்பதோடு நின்றுவிடுமா?

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்த மேஜையில், இடுப்பில் குழந்தையோடு பஸ் படியில் ஏறிப் பழகிய யாராவது ஒருவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா? எஞ்சினியர்கள் இருப்பார்கள், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இருப்பார்கள், போலீஸ் இருக்கும். பஸ்ஸின் படி எத்தனை உயரம் என்பது புடைவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவளுக்குத்தான் தெரியும். இரவு எட்டு மணிக்கு எந்த ஸ்டாப்பில் விளக்கு எரியவில்லை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் உங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒருத்தி எழுதினால் அவர் படிப்பாரோ, மாட்டாரோ. ஒரு தெருவே சேர்ந்து எழுதினால் கட்டாயம் படிப்பார். ஓட்டுக் கேட்க அந்தத் தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். எழுதும்போது "போக்குவரத்தைச் சீர்திருத்துக" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஸ்டாப், எத்தனை மணிக்கு, எந்த ரயிலைப் பிடிக்க எந்த பஸ் வருவதில்லை என்று கணக்காக எழுதுங்கள். மளிகைக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல!